நண்பரோடு சிகார் சுவைத்து மதிப்பெண் போடுவது எப்படி: வாங்குவதிலிருந்து கடைசிக் கணக்குவரை

சிகார் பிடித்துப் பழகியவர்கள்கூட மதிப்பெண் போட உட்காரும்போது தடுமாறுவதை நிறையப் பார்த்துவிட்டேன். இரண்டு பேர் உட்காருவார்கள், பற்றவைப்பார்கள், மூன்றாவது தம்மிலேயே ஒருவர் "கோகோ மாதிரி இருக்குல்ல?" என்பார், மற்றவர் தலையாட்டுவார், அன்றைய கதை அங்கேயே முடிந்தது. அதற்கப்புறம் இரண்டாவது ஆளின் தாளில் இருப்பதெல்லாம் முதல் ஆளின் நாக்குதான்.

நானும் என் நண்பரும் ஏழெட்டு மாதம் இப்படித்தான் ஓட்டினோம். எங்கள் நோட்டில் இருவர் மதிப்பெண்ணும் ஒன்றிரண்டு புள்ளி வித்தியாசத்தில் அழகாக ஒத்துப்போகும், சரி, நாக்கு பழகிவிட்டது என்று பெருமைப்பட்டுக்கொண்டோம். ஒருநாள், ஏற்கெனவே 91 கொடுத்திருந்த ஒரு சிகாரை எங்களுக்குத் தெரியாமல் பெயரை மறைத்துக் கலந்து கொடுக்கச் சொல்லி, வாயைத் திறக்காமல் பிடித்தோம். எனக்கு 84 வந்தது, அவருக்கு 77.

கீழே இருக்கும் வரிசை அந்த நாளுக்கு அப்புறம் உருவானது. சாரம் ஒன்றுதான்: எழுதி முடித்த பிறகுதான் பேச்சு. மற்றதெல்லாம் அந்த எழுத்து நம்பத் தகுந்ததாக இருக்கச் செய்யும் ஏற்பாடு.

இது வயது வந்தவர்களுக்கு, அதுவும் ஏற்கெனவே சிகார் பிடிக்கிறவர்களுக்கு. புகையை நெஞ்சுக்குள் இழுக்காவிட்டாலும் வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய் ஆபத்து சிகாரில் உண்டு. பழக்கம் இல்லாதவர் இதைப் படித்து ஆரம்பிக்க வேண்டாம்.

1. வாங்குவது: ஒரே அளவு, வகைக்கு நான்கு

ஆரம்பத்துக்கு மூன்று வகை போதும். ஒவ்வொன்றிலும் நான்கு வாங்குங்கள். இரண்டு முதல் சுற்றுக்கு, இரண்டு சில வாரம் கழித்து மறுசுற்றுக்கு. கையால் சுருட்டும் பொருள் என்பதால் ஒரே பெட்டியிலேயே ஒன்று சுகமாக இழுக்கும், பக்கத்தில் இருந்தது அடைத்துக்கொள்ளும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிற கணக்கு இங்கே செல்லாது.

மூன்று வகையும் ஒரே அளவில் இருக்கட்டும். ரொபஸ்டோ நல்ல தேர்வு: 5 அங்குல நீளம், 50 ரிங் கேஜ். ரிங் கேஜ் என்பது அங்குலத்தை 64 பங்காக்கிச் சொல்லும் கணக்கு, ஆக 50 என்றால் கிட்டத்தட்ட 20 மில்லிமீட்டர் விட்டம். அளவு ஏன் முக்கியம் என்றால், பருமன் மாறினால் மேலே சுற்றியிருக்கும் இலைக்கும் உள்ளே அடைத்திருக்கும் இலைக்கும் உள்ள விகிதம் மாறிவிடும். ஒல்லியான சிகாரில் மேலிலையின் ருசி தூக்கலாக நிற்கும், தடித்ததில் உள்ளிலை ஆளும். ஒல்லியையும் தடியையும் பக்கத்தில் வைத்தால் நீங்கள் அளப்பது கலவையையா பருமனையா என்று உங்களுக்கே தெரியாது. ரொபஸ்டோ முக்கால் மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் போகும், கவனம் சிதறாமல் உட்கார அது சரியான நேரம்.

வகையைப் பொறுத்தவரை, மேலிலை வேறுபடுகிற மாதிரி எடுங்கள்: வெளிர் நிறத்தில் ஒரு கனெக்டிகட் ஷேட், நடுவில் ஒரு ஹபானோ, கருத்ததில் ஒரு மதுரோ. இங்கே புதியவர்கள் எல்லோரும் விழும் குழி, கருப்பாக இருந்தால் வலுவாக இருக்கும் என்கிற நினைப்பு. மதுரோ கருப்பது கூடுதலாகப் பதப்படுத்துவதால், அதில் பெரும்பாலும் இனிப்புதான் கூடும். உடம்பைத் தூக்கிப் போடும் வலு பெரும்பாலும் உள்ளே இருக்கும் லிஹேரோ இலையிலிருந்து வருகிறது. செடியின் உச்சியில் வெயில் குடித்து வளரும் இலை அது. வெளியே பார்த்தால் அது எவ்வளவு இருக்கிறது என்று தெரியாது.

கையில் சின்ன எடைத் தராசு இருந்தால் நான்கையும் நிறுத்து, எடை நெருங்கிய இரண்டை ஜோடியாக்குங்கள். ஒரே அளவுச் சிகாரில் ஒரு கிராம் கூடுதல் என்றால் உள்ளே இலை இறுக்கமாக இருக்க வாய்ப்பு அதிகம். உங்களுக்கு அடைத்த சிகாரும் அவருக்கு லேசான சிகாரும் போய்ச் சேர்ந்தால் நீங்கள் இருவரும் ஒன்றைப் பிடிக்கவில்லை, இரண்டைப் பிடிக்கிறீர்கள்.

2. இரண்டு வாரம் தூங்க விடுங்கள்

வாங்கி வந்த அன்றே பற்றவைக்க வேண்டாம். பயணத்தில் ஈரம் கூடியோ குறைந்தோ இருக்கும், இலைக்கு இலை ஈரம் வேறுபட்டால் எரிவது கோணலாகப் போகும். எல்லாவற்றையும் ஒரே ஹியூமிடரில் (ஈரப்பதம் மாறாமல் சிகாரை வைக்கும் பெட்டி), இல்லையென்றால் இறுக மூடும் ஒரு டப்பாவில், ஈரப்பதப் பொதி போட்டு இரண்டு வாரம் வையுங்கள். 65 முதல் 69 சதவீத ஈரப்பதம் போதும். சுவைத்துப் பார்க்க 65 பக்கம் இருந்தால் இன்னும் நல்லது, எரிவதில் வம்பு குறையும்.

வெப்பம் 18 முதல் 21 டிகிரி செல்சியஸ். 24-ஐத் தாண்டி நெடுநாள் கிடந்தால் புகையிலை வண்டின் முட்டை பொரிக்க ஆரம்பிக்கும். மேலிலையில் ஊசி குத்தியது போல ஓட்டைகள் தெரிந்தால் அந்தச் சிகாரை உடனே வெளியே எடுத்துவிடுங்கள். பஞ்சு மாதிரி வெள்ளையாகப் பூத்திருந்தால் அது பூஞ்சை, துடைத்துவிட்டுப் பிடிக்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

ஈரப்பதம் காட்டும் கருவியை நம்புவதற்கு முன் உப்புச் சோதனை செய்யுங்கள். பாட்டில் மூடி ஒன்றில் உப்பு, அதில் சில சொட்டுத் தண்ணீர், ஈரமணல் பதத்துக்கு வந்தால் போதும், கரைந்து ஓடக் கூடாது. அந்த மூடியையும் கருவியையும் ஒரு ஜிப் பைக்குள் அடைத்து அரை நாள் விடுங்கள். பைக்குள் ஈரப்பதம் 75 சதவீதத்தில் வந்து நிற்கும், உப்பின் குணம் அது. கருவி 71 காட்டினால் இனிமேல் எப்போதும் 4 கூட்டிப் படிக்க வேண்டும். இதைச் செய்யாமல் நாங்கள் பட்ட பாடு சொல்லி மாளாது. எங்கள் கருவி 66 என்று சொல்லிக்கொண்டிருக்க உள்ளே உண்மையில் 73 இருந்திருக்கிறது, சிகார் அணைந்து அணைந்து போனதற்கெல்லாம் சுருட்டியவரைத் திட்டி மதிப்பெண்ணைக் குறைத்துக்கொண்டிருந்தோம்.

டப்பாவைத் திறந்ததும் அமோனியா நெடி மூக்கில் ஏறினால் இலை இன்னும் அடங்கவில்லை என்று அர்த்தம். அதை இந்தச் சுற்றிலிருந்து விலக்கி ஓரிரு மாதம் கழித்துப் பாருங்கள்.

3. பட்டையை மறைப்பது

பெயர் தெரிந்தால் நாக்கு பொய் சொல்லும். விலை தெரிந்தால் இன்னும் நன்றாகப் பொய் சொல்லும். அதனால்தான் மதிப்பெண் போடும் பத்திரிகைகளும், சிகாரைச் சுற்றி ஒட்டியிருக்கும் பெயர் போட்ட காகிதப் பட்டையை நீக்கிவிட்டுச் சுவைக்கின்றன.

ஆனால் நீங்கள் பட்டையைக் கிழிக்கப் போகாதீர்கள். சில பட்டைகளில் பசை இலையோடு ஒட்டியிருக்கும், உரிக்கும்போது மேலிலையும் சேர்ந்து வரும். அதற்குப் பதில் வெள்ளைக் காகிதத் துண்டு ஒன்றைப் பட்டைக்கு மேல் சுற்றி, காகிதத்தின் மேல் காகிதம் படும்படி டேப் ஒட்டுங்கள். இலையில் டேப் படக் கூடாது.

இதைச் சிகார் பிடிக்காத மூன்றாவது ஆள் செய்தால் உத்தமம். எண் வேண்டாம், எழுத்து போடச் சொல்லுங்கள்: க, ச, த என்று. 1 என்று போட்டால் முதல் பரிசு மாதிரி மனதில் விழுந்துவிடுகிறது. எந்த எழுத்து எந்தச் சிகார் என்பதை அவர் ஒரு தாளில் எழுதி, மடித்து, தன்னிடமே வைத்துக்கொள்ள வேண்டும். மேசையில் கவிழ்த்து வைத்தால் யாராவது ஒருவர் புரட்டிவிடுவார், நான் புரட்டியிருக்கிறேன்.

மூன்றாவது ஆள் கிடைக்கவில்லையா? ஒருவர் எல்லாவற்றையும் மறைத்து வகைவாரியாக மூன்று கவரில் போடட்டும், மற்றவர் தனியாகப் போய்க் கவர்களைக் குலுக்கி எழுத்து போடட்டும். மறைத்தவர் மேலிலை நிறத்தை வைத்து ஓரளவு ஊகிப்பார், பரவாயில்லை, ஒன்றும் மறைக்காததற்கு இது எவ்வளவோ மேல்.

4. தாளை முன்கூட்டியே கட்டம் போட்டு வைப்பது

இருவருக்கும் தனித்தனித் தாள். பற்றவைத்த பிறகு கட்டம் போட உட்கார்ந்தால் முதல் பத்து நிமிடம் வீணாகும். 100 புள்ளியை நாங்கள் பிரிக்கும் விதம் இது: தோற்றமும் கட்டும் (அதாவது சுருட்டிய நேர்த்தி) 10, இழுப்பு 15, எரிதல் 15, சுவையும் மணமும் 40, மறுபடி கையில் எடுப்பேனா என்பதற்கு 20.

சுவைக் கட்டத்தை மூன்றாகப் பிரியுங்கள், முதல் பங்கு, நடுப் பங்கு, கடைசிப் பங்கு என்று. ஒவ்வொன்றுக்கும் 40-க்குப் போட்டுக் கடைசியில் மூன்றால் வகுங்கள். பிரிக்காமல் விட்டால் கடைசிப் பத்து நிமிடம்தான் நினைவில் நிற்கும், நடுவில் அருமையாக இருந்து முடிவில் கசந்த சிகார் அநியாயமாகத் தோற்றுப்போகும்.

வலு, கனம் என்று இரண்டு வரி தனியாக இருக்கட்டும், ஆனால் அவற்றுக்குப் புள்ளி கிடையாது. வலு என்பது நிக்கோட்டின் உடம்பில் காட்டும் வேலை. கனம் என்பது புகை வாய்க்குள் தண்ணீராக இருக்கிறதா பாலாக இருக்கிறதா என்பது. இரண்டையும் குழப்புவதுதான் தாள்களில் நான் அதிகம் பார்க்கும் பிழை. தலை கிறுகிறுத்தால் "செம சிகார்" என்று 95 போடுகிறார்கள், கிறுகிறுப்புக்கும் சுவைக்கும் சம்பந்தமே இல்லை.

இன்னொரு ஏற்பாடு: இருவருக்கும் நன்றாகத் தெரிந்த ஒரு சிகாரை அளவுகோலாக வைத்து அதற்கு 80 என்று பேசி முடித்துக்கொள்ளுங்கள். நீங்கள் 80 என்றால் என்ன, அவர் 80 என்றால் என்ன என்பது இதில்தான் பிடிபடும். இந்த ஒரு விஷயத்தை மட்டும் முன்கூட்டியே பேசலாம்.

5. அன்றைக்கு வயிறு, வாய், இடம்

வயிறு காலியாக இருக்கக் கூடாது. சிகார் புகை காரத்தன்மை கொண்டது, அதனால் உள்ளே இழுக்காமலே வாயின் சவ்வு வழியாக நிக்கோட்டின் ஏறும். காலி வயிற்றில் ஏறினால் வியர்க்கும், விக்கல் வரும், குமட்டும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து உட்காருங்கள். காரசாரமான சாப்பாடு வேண்டாம், நாக்கு மரத்துப்போகும். பல் தேய்த்ததும் உட்காருவது, வாசனைப் பாக்கோ மிட்டாயோ போட்டுக்கொண்டு உட்காருவது, செண்ட் அடித்துக்கொண்டு வருவது மூன்றும் கூடாது.

குடிக்க வெறும் தண்ணீர். காபி, மது எல்லாம் சிகாரோடு நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அன்று நீங்கள் மதிப்பெண் போடுவது சிகாருக்கு மட்டும்தானா என்பது சந்தேகமாகிவிடும். பக்கத்தில் கொஞ்சம் சர்க்கரை இருக்கட்டும், தலை சுற்றினால் சிகாரை வைத்துவிட்டு அதை வாயில் போட்டுக்கொண்டு காற்றாட உட்காருங்கள். அன்றைக்கு அவ்வளவுதான், கௌரவம் பார்த்துத் தொடர வேண்டாம்.

இடம் காற்றோட்டமாக இருக்க வேண்டும், ஆனால் நேராகக் காற்று வீசக் கூடாது. காற்று அடிக்கும் பக்கம் வேகமாக எரிந்து சிகார் கோணிவிடும், பழி கட்டின் மேல் விழும். குழந்தைகள், புகை பிடிக்காதவர்கள், வளர்ப்புப் பிராணிகள் இருக்கும் இடம் வேண்டவே வேண்டாம்.

ஒரு நாளைக்கு ஒன்று. அதிகபட்சம் இரண்டு, அதுவும் வெளிர் நிறமானது முதலில். மூன்றையும் ஒரே மாலையில் முடித்துவிடலாம் என்று கிளம்பியவர்களின் மூன்றாவது தாளை எடுத்துப் பாருங்கள், பாதிக்கு மேல் வெறும் கட்டமாக இருக்கும்.

6. பற்றவைக்கும் முன் பார்வை, தொடல், மோப்பம்

மேலிலையில் தடித்த நரம்பு, கிழிசல், ஒட்டுப் போட்ட தடம் இருக்கிறதா பாருங்கள். பிறகு கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அடியிலிருந்து தலைவரை மெதுவாக அழுத்திக்கொண்டே போங்கள். நல்ல சிகார் லேசாக அமுங்கித் திரும்பி வரும். ஒரு இடம் மட்டும் கல்லாக இருந்தால் அங்கே இழுப்பு அடைக்கும், ஒரு இடம் பொதுக்கென்று போனால் அங்கே சூடாக எரியும். அந்த இடத்தைத் தாளில் குறித்துவிடுங்கள், அரை மணி நேரம் கழித்து எரிதல் அங்கே போய்ச் சேரும்போது காரணம் கையில் இருக்கும். அழுத்தும்போது சரசரவென்று சத்தம் கேட்டால் காய்ந்துவிட்டது, அன்றைக்கு வேண்டாம்.

அப்புறம் உடம்பை ஒருமுறை, பற்றவைக்கும் முனையை ஒருமுறை முகர்ந்து பாருங்கள். இரண்டும் வேறு வேறாக மணக்கும். எழுதுங்கள். தோற்றத்துக்கான 10-ஐ இப்போதே போட்டு முடித்துவிடுங்கள், பிடித்த பிறகு போட்டால் ருசியாக இருந்ததெல்லாம் அழகாகவும் தெரியும்.

7. வெட்டு

தலைப்பக்கம் தொப்பி போல ஒரு சின்ன இலை ஒட்டியிருக்கும், உற்றுப் பார்த்தால் அது முடியும் கோடு தெரியும். அந்தக் கோட்டுக்கு மேலே வெட்ட வேண்டும், 2 மில்லிமீட்டர் போதும். கோட்டைத் தாண்டி வெட்டினால் மேலிலையைப் பிடித்து வைத்திருக்கும் பிடி போய்விடும், பாதி வழியில் சிகார் கயிறு மாதிரி அவிழ்ந்து உதட்டில் தொங்கும். ஆரம்பத்தில் எல்லோரும் ஒருமுறை இதைச் செய்துவிட்டுத்தான் கற்றுக்கொள்கிறார்கள்.

கட்டரை ஒரே வேகத்தில் சட்டென்று மூடுங்கள். மெதுவாக நெரித்தால் இலை நசுங்கும். முக்கியமாக, இருவரும் ஒரே விதமான வெட்டுதான் போட வேண்டும். நீங்கள் நேர்வெட்டு, அவர் சின்னத் துளை என்றால் இழுப்புக்குப் போடும் 15 புள்ளி ஒப்பிட உதவாது.

8. நெருப்பில்லாமல் ஒரு இழுப்பு

வெட்டியதும் பற்றவைக்காமல் நாலைந்து தடவை இழுங்கள். இரண்டு விஷயம் தெரியும். ஒன்று, காற்று எப்படி வருகிறது: வெறும் குழாயில் இழுப்பது போல வந்தால் தளர்வு, உறிஞ்சிக் கன்னம் ஒட்டினால் அடைப்பு. இரண்டு, நெருப்புப் படாத இலையின் ருசி. இதைப் புதியவர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள், அடைப்பு இருந்தால் இன்னும் 2 மில்லிமீட்டர் வெட்டியோ தலைப்பக்கத்தை விரலால் மெல்ல உருட்டியோ சரிசெய்ய வசதியான நேரம் இதுதான் என்பது தெரியாமல்.

9. பற்றவைப்பது: அவசரப்பட்டால் பதினைந்து நிமிடம் போச்சு

பியூட்டேன் லைட்டர் பயன்படுத்துங்கள். பெட்ரோல் வாசனை வரும் லைட்டர் வேண்டாம், அந்த வாசனை முதல் பங்கு முழுக்க நாக்கில் நிற்கும். தீக்குச்சி என்றால் மருந்து எரிந்து முடிந்து வெறும் குச்சி எரியும்வரை காத்திருங்கள்.

முதலில் வாயில் வைக்காமல், முனையைச் சுடருக்கு மேலே ஒரு விரல் இடைவெளியில் சாய்த்துப் பிடித்துச் சுற்றிக்கொண்டே இருங்கள். சுடர் இலையைத் தொடக் கூடாது, சூடு மட்டும் பட வேண்டும். ஓரம் முழுக்கக் கருத்து நடுவில் செம்மை பரவியதும் வாயில் வைத்து, சுற்றிக்கொண்டே இரண்டு மூன்று மெல்லிய தம். பிறகு முனையைத் திருப்பி லேசாக ஊதிப் பாருங்கள், கங்கு வட்டமாக, ஒரே நிறத்தில் தெரிய வேண்டும். ஒரு பக்கம் கருப்பாக இருந்தால் அந்தப் பக்கத்துக்கு மட்டும் கொஞ்சம் சூடு காட்டுங்கள். இங்கே கோணினால் பிறகு கடைசிவரை திருத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

10. முதல் பங்கு: வாய் மூடியிருக்கட்டும்

முதல் ஐந்து நிமிடத்துக்கு மதிப்பெண் இல்லை. கருகிய ஓரத்தின் ருசிதான் அது.

நிமிடத்துக்கு ஒரு தம் என்பது நல்ல வேகம். ஆரம்பத்தில் கடிகாரம் பார்த்தே பிடியுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. வேகமாக இழுத்தால் கங்கு சூடேறி எந்தச் சிகாரும் கசக்கும். நான் பார்த்தவரை, "கசப்பு" என்று எழுதப்பட்ட தாள்களில் பெரும்பாலானவை உண்மையில் அவசரத்தின் மதிப்பெண்.

புகையை வாய் நிறைய வாங்கி இரண்டு மூன்று நொடி வைத்து விடுங்கள். விட்ட பிறகு நாக்கை அண்ணத்தில் ஒருமுறை தட்டிப் பார்த்தால் மீதி ருசி தெரியும். எழுதும்போது நேராக "கோகோ, தேவதாரு, தோல்" என்று பாயாதீர்கள். முதலில் அறுசுவையில் எது இருக்கிறது என்று கேளுங்கள்: இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, கார்ப்பு, துவர்ப்பு. குறிப்பாகத் துவர்ப்பையும் கசப்பையும் பிரிக்கப் பழகுங்கள். கசப்பு நாக்கில் ருசியாகவே போய் உட்காரும், துவர்ப்பு வாழைக்காயைக் கடித்தது போல வாயை வறட்டி இழுக்கும். இளம் இலையில் துவர்ப்பு தூக்கலாக இருக்கும், கொஞ்ச நாள் வைத்தால் அடங்கக்கூடியது. அந்த ஒரு சொல் தாளில் இருந்தால் மறுசுற்றில் அந்த முடிவை எடுக்க உதவும்.

ஆறும் முடிந்த பிறகு மணம். இதற்கு மூக்கு வேண்டும். வாயில் இருக்கும் புகையில் முக்கால்வாசியை வெளியே விட்டுவிட்டு, மீதியை வாயை மூடிக்கொண்டு மூக்கு வழியாக மெதுவாக விடுங்கள். இது ரெட்ரோஹேல். நெஞ்சுக்குள் இழுப்பது அல்ல, புகை தொண்டைக்குக் கீழே போகவே கூடாது. முதல் தடவை கண்ணில் தண்ணீர் வரும். ஐந்தாறு நிமிடத்துக்கு ஒருமுறை போதும், ஒவ்வொரு தம்முக்கும் செய்தால் மூக்கு எரிந்து ஒன்றும் தெரியாமல் போய்விடும்.

சொற்கள் உங்களுடையதாக இருக்கட்டும். வாழ்நாளில் தேவதாருவை முகர்ந்தே பார்க்காதவர்கள் அட்டையைப் பார்த்துத் தேவதாரு என்று எழுதுகிறார்கள். அதற்குப் "புதிதாகச் சீவிய பென்சில்" என்று எழுதினால் அடுத்த மாதம் படிக்கும்போதும் புரியும். ஒருமுறை 'ச' எழுத்துச் சிகாருக்கு நான் "செருப்புக் கடைக்குள் நுழைந்த மாதிரி" என்று எழுதியிருந்தேன், நண்பர் "மழை நனைத்த மண், பழைய புத்தகம்" என்று எழுதியிருந்தார். தாளைத் திறந்ததும் சிரித்தோம், பிறகு அதே சிகாரின் கடைசித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசியபோது இருவரும் சொன்னது ஒரே இடத்தைத்தான் என்று தெரிந்தது. முன்பே பேசியிருந்தால் இரண்டில் ஒரு சொல் பிறந்தே இருக்காது.

அதுவரை மௌன விரதம் வேண்டுமா என்றால், வேண்டாம். சிகாரைத் தவிர வேறு எதைப் பற்றியும் பேசுங்கள். முகத்தையும் கொஞ்சம் கட்டுப்படுத்துங்கள், புருவம் உயர்வதும் ஒரு பேச்சுதான்.

11. நடுப் பங்கும் கடைசிப் பங்கும்

எங்கே முதல் பங்கு முடிகிறது என்று கண்ணால் அளந்தால் போதும். நடுப் பங்கில்தான் சிகார் தன் உண்மையான குணத்தைக் காட்டும், இங்கே வாயைத் தண்ணீரால் கொப்பளித்துவிட்டு, முதல் பங்கில் எழுதியதைத் திரும்பப் படிக்காமல் எழுதுங்கள். படித்தால் அதையே மறுபடி எழுதுவீர்கள்.

சாம்பலை அடிக்கடி தட்ட வேண்டாம். ஒரு அங்குலம்வரை நிற்க விடுங்கள், கங்கைக் கொஞ்சம் குளிர்ச்சியாக வைக்கும். ரொம்ப நேரம் விட்டு மடியில் விழுந்தால் என்னைக் கேட்கக் கூடாது. ஆஷ்ட்ரேயின் ஓரத்தில் லேசாக உருட்டினால் தானாக விழும்.

கடைசிப் பங்கில் சூடும் நிக்கோட்டினும் கூடும், அதனால் தம்முக்கும் தம்முக்கும் இடைவெளியை ஒன்றரை நிமிடமாக்குங்கள். மறைத்த காகிதம் இருக்கும் இடத்துக்குக் கங்கு நெருங்கும்போது அன்றைய சுவைப்பு முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம். விரல் சுடும்வரை பிடித்தால்தான் காசுக்கு நியாயம் என்பவர்கள் மதிப்பெண் தாளைத் தள்ளிவைத்துவிட்டுப் பிடிக்கலாம். அணைக்கும்போது நசுக்காதீர்கள், நாறும். அப்படியே ஆஷ்ட்ரேயில் வைத்தால் தானாக அணையும்.

12. வழியில் வரும் கோளாறுகள்

அணைந்துவிட்டால்: சாம்பலைத் தட்டி, முதலில் சிகார் வழியாக வெளியே ஊதுங்கள், உள்ளே தேங்கிய பழைய புகை போகட்டும். பிறகு பற்றவையுங்கள். ஊதாமல் பற்றவைத்தால் புளித்த நெடி வரும், அதைச் சிகாரின் ருசி என்று எழுதிவிடுவீர்கள். நீங்கள் பேச்சு சுவாரசியத்தில் மறந்து அணைந்ததா, தானாக அணைந்ததா என்பதையும் குறியுங்கள். முதலாவதற்குப் புள்ளி குறைக்காதீர்கள்.

ஒரு பக்கம் மட்டும் எரிந்தால்: ஒரு அங்குலத்துக்குள் தானாகச் சரியாகிறதா பாருங்கள். ஆகாவிட்டால் எரியாத பக்கத்துக்கு மட்டும் சுடர் காட்டுங்கள். ஒரு திருத்தத்துக்குப் புள்ளி குறைக்க வேண்டாம், இரண்டாவதிலிருந்து எரிதல் கட்டத்தில் மூன்று மூன்றாகக் குறையுங்கள்.

உள்ளே சுரங்கம் மாதிரி எரிந்து மேலிலை மட்டும் நின்றால், நின்ற பகுதியைச் சுடரால் எரித்துச் சமப்படுத்திவிட்டு மெதுவாகத் தொடருங்கள். முழுசாக அடைத்துக்கொண்டால் மெல்லிய கம்பியைத் தலைப்பக்கத்திலிருந்து நடுவாக விட்டு மெல்ல எடுக்கலாம். அப்படியும் வரவில்லை என்றால் அந்தச் சிகாருக்குச் சுவை மதிப்பெண்ணே போடக் கூடாது, "அடைப்பு" என்று மட்டும் எழுதி மாற்றுச் சிகார் எடுங்கள்.

13. கூட்டல், பிறகு பேச்சு

இருவரும் தனித்தனியாகக் கூட்டி முடித்து, மொத்தத்துக்குக் கீழே கோடு போட்டு, பேனாவைக் கீழே வையுங்கள். அதன் பிறகு தாளை மாற்றிக்கொள்ளுங்கள். இனி என்ன பேசினாலும் எண்ணைத் திருத்தக் கூடாது, புதிதாகத் தோன்றுவதை வேறு நிற மையில் ஓரத்தில் எழுதலாம்.

மொத்த எண்ணை ஒப்பிடுவதில் பெரிய பயனில்லை, கட்டம் கட்டமாகப் பாருங்கள். இழுப்பிலும் எரிதலிலும் நிறைய வித்தியாசம் வந்தால் அது பெரும்பாலும் சிகாருக்குச் சிகார் உள்ள வேறுபாடு. சுவையில் மட்டும் வந்தால் அது உங்கள் இருவருடைய நாக்கு, அதைச் சண்டை போட்டுத் தீர்க்க வேண்டாம், இரண்டு எண்ணையும் அப்படியே வையுங்கள். சராசரி எடுத்து ஒரே எண்ணாக்கினால் அவர் 92-ம் நீங்கள் 76-ம் போட்டது 84 என்கிற சாதுவான எண்ணாகிவிடும், அந்த 84 இரண்டு பேரில் யாருடையதும் இல்லை.

மடித்து வைத்த பெயர்த் தாளை மூன்று வகையும் முடிந்த பிறகுதான் கேட்டு வாங்க வேண்டும். ஒவ்வொன்றாகத் திறந்தால் மீதி இரண்டை எளிதாக ஊகிக்கலாம்.

14. மறுசுற்று

ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்து மீதி இருக்கும் இரண்டிரண்டை எடுங்கள். எழுத்துகளை மறுபடி குலுக்கிப் போடச் சொல்லுங்கள், பழைய தாள்களை எடுத்துப் பார்க்காதீர்கள். முதல் சுற்றில் காலையில் பிடித்திருந்தால் இதிலும் காலையிலேயே பிடியுங்கள்.

முடிந்ததும் உங்கள் பழைய எண்ணோடு உங்கள் புதிய எண்ணை மட்டும் ஒப்பிடுங்கள், நண்பருடையதை அவர் பார்த்துக்கொள்வார். 4 புள்ளிக்குள் இருந்தால் இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி நோட்டில் ஏற்றலாம். 5 முதல் 8 வரை என்றால் எந்தக் கட்டம் நகர்ந்தது என்று பாருங்கள், பெரும்பாலும் எரிதலாக இருக்கும், ஹியூமிடர் பக்கம் போய் உப்புச் சோதனையை மறுபடி செய்யுங்கள். 8-ஐத் தாண்டினால் அந்த வகையின் எதிரே எண் எழுத வேண்டாம், ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு இன்னும் இரண்டு வாங்கி டப்பாவில் போடுங்கள்.